கூப்பர் கரையில் கைகொடுத்தவர்களுக்கு

விண்டோரா ஊர் மக்களுக்கும், கடந்த ஜூலையில் ஆற்றங்கரையில் எங்களுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தவர்களுக்கும் வணக்கம்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதி அனுப்பிவிட்டோம். நீங்கள் செய்த உதவி எங்கள் மக்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் அதையே இங்கே தமிழிலும் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் போனால் விண்டோரா. ஏறக்குறைய நூறு பேர்தான் ஊர். அங்கிருந்து பத்து கிலோமீட்டரில் கூப்பர் கிரீக். கிரீக் என்றால் ஓடைதான். ஆனால் தாம்சன், பார்கூ என்ற இரண்டு ஆறுகள் கூடி உண்டானது அது. இரண்டு ஆறு சேர்ந்து ஓர் ஓடையாவதை அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதன் கரையில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் கூடாரம் போட்டுத் தங்கலாம்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த அப்பாவையும் கூட்டிப் போயிருந்தோம். வண்டியை விட்டு இறங்கியதும் வெடிப்பு விட்டுக் கிடந்த மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். "இது நம்ம கரிசல்டா. மழை விழுந்தா வண்டி நகராது. மேட்டுல நிறுத்து" என்றார். கூடாரத்தை மேட்டில் போட்டேன். வண்டியைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டேன்.

அன்று இரவே மழை. காலையில் நான்கு சக்கரமும் அச்சு வரை இறங்கியிருந்தன. செருப்பில் ஒட்டிய களிமண் ஒவ்வோர் அடிக்கும் கனத்தது.

பக்கத்துக் கேரவனில் இருந்த பெரியவரே, நீங்கள் வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்று இழுத்தால் உங்கள் வண்டியும் சேர்ந்து சிக்கும், வெயில் வரட்டும் என்றீர்கள். கொண்டுபோன சாப்பாடு மறுநாளோடு தீர்ந்தது. நாங்கள் வாய் திறந்து கேட்கவில்லை. உங்கள் மனைவி நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டில் சுடச்சுட டாம்பர் என்ற, தணலில் சுடும் ரொட்டி கொண்டு வந்தார். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை தீரப்போவது தெரிந்ததும், தார் ரோட்டோரம் வண்டி நிறுத்தியிருந்த ஓர் இளைஞர் அவரை ஊருக்கு அழைத்துப் போனார். பழைய மருந்துச்சீட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்து, நாடியும் பார்த்து அனுப்பிய செவிலியருக்கு அப்பா இன்றும் நன்றி சொல்கிறார்.

காத்திருந்த அந்த இரண்டு நாளில் நடந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மா கரையோரம் நாலு இலைச் செடி ஒன்றைக் காட்டி 'நார்டூ' என்றார். அப்பா உடனே "ஆரைக்கீரை!" என்றார். இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள்தான். 1861இல் இதே கூப்பரில், இன்னும் கீழே, பர்க், வில்ஸ் என்ற இரண்டு பயணிகள் அந்த நார்டூவின் வித்தை இடித்துச் சாப்பிட்டுக்கொண்டே மெலிந்து இறந்துபோனார்கள். அதை நஞ்சு முறியப் பக்குவம் செய்யத் தெரிந்தவர்கள் அந்த மண்ணின் யாண்ட்ருவாண்டா மக்கள். உடன் வந்த கிங் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் சோறு போட்டுக் காப்பாற்றியதால் பிழைத்தார். கூப்பர் கரையில் வழிப்போக்கனைக் கைவிடாத வழக்கம் அவர்கள் காலத்திலிருந்தே இருக்கிறது.

மூன்றாம் நாள் மண் மேலாக இறுகியது. டயரில் காற்றைக் குறைத்து, சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, ஐந்து பேர் சேர்ந்து வண்டியை வெளியே எடுத்தீர்கள். காசு நீட்டியபோது யாரும் வாங்கவில்லை. வண்டி உழுத பள்ளங்களை மண்வெட்டியால் மூடிவிட்டுத்தான் கிளம்பினோம்.

அங்கே போக நினைக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கரைக்குக் காசு கிடையாது, அதனால் பெட்ரோலையும் ரொட்டியையும் விண்டோராவிலேயே வாங்குங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். கூலிபா என்ற யூகலிப்டஸ் வகை மரத்தை விறகுக்கு வெட்டாதீர்கள், அதன் பொந்துகளில் கிளிகள் குடியிருக்கின்றன.

அம்மா, உங்கள் எனாமல் தட்டு எங்கள் பாத்திரங்களோடு வந்துவிட்டது. ஒவ்வொரு ஜூலையிலும் அதே மரத்தடிக்கு வருவதாகச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற பழக்கம் இல்லை. ஊரிலிருந்து கடலைமிட்டாய் அனுப்புவதாக அப்பா சொல்லியிருக்கிறார். தட்டு நிறைய எடுத்து வருகிறோம்.