மீட்புச் சாவி உங்கள் கிளையிலேயே இருக்கிறது: மடிக்கணினி தொடர்பான புகார்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு 02.

ஐயா / அம்மணி,

உங்கள் பம்பலப்பிட்டிக் கிளையில் நான் வாங்கிய மடிக்கணினி, நீங்களே அதில் நிறுவித் தந்த புதுப்பித்தல் மென்பொருள் ஓர் இரவில், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயொஸை மாற்றியதிலிருந்து, விண்டோஸுக்குள் நுழையாமல், பூட்டப்பட்ட வட்டைத் திறப்பதற்கான 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. கிளைக்கும், யூனியன் பிளேஸ் அலுவலகத்துக்கும், நுகேகொடையிலுள்ள திருத்தும் நிலையத்துக்கும் மாறி மாறி அலைந்து களைத்த பின்னரே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணினிகளை விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. விண்டோஸ் 11 இல் ஒருவர் முதன்முதலாக மைக்ரோசொப்ட் கணக்கினால் நுழையும்போது வட்டு, சாவியின்றி வாசிக்க முடியாதபடி தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டு, சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. கணினியை ஒப்படைத்த நாளில் உங்கள் தொழில்நுட்பவியலாளர், விரைவாக முடித்துத் தருவதாகக் கூறி, கிளையின் கணக்கினாலேயே முதல் அமைப்பைச் செய்தார். அதன் பின்னரே எனக்கு வேறொரு பயனர் கணக்கைத் திறந்தார். மீட்புத் திரையில் பாதி மறைக்கப்பட்டுத் தெரியும் மின்னஞ்சல் முகவரி என்னுடையதன்று. உங்கள் பற்றுச்சீட்டில் அச்சிடப்பட்டுள்ள கிளை முகவரியின் முதலெழுத்துகளே அதில் உள்ளன. திரையின் புகைப்படத்தையும் சாவியின் அடையாளக் குறியீட்டையும் ஏற்கெனவே அனுப்பியுள்ளேன். அந்தக் கணக்கைத் திறந்து எண்களை வாசித்துச் சொல்வதற்குப் பத்து நிமிடங்கள் போதும்.

ஆனால் நுகேகொடையில் வரவேற்பு மேசையில் இருந்தவர், நான் கொண்டுசென்ற தாளைப் பார்க்காமலேயே, "போர்மட் பண்ணித் தருகிறோம், வேண்டுமென்றால் விட்டுவிட்டுப் போங்கள்" என்றார். கோப்புகள் அழிந்துவிடுமே என்று கேட்டதற்கு, கணினி தெரிந்த யாரையாவது வீட்டிலிருந்து கூட்டி வருமாறு, மற்ற வாடிக்கையாளர்கள் கேட்கும்படி உரத்துச் சொன்னார். விண்டோஸ் 98 காலத்திலிருந்து வெள்ளவத்தையில் கணினித் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து பிழைப்பவன் நான். அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை. மழையில் நனைந்துகொண்டு அங்கு போனது, உங்கள் தலைமை அலுவலகம் "அங்கே கட்டாயம் செய்து தருவார்கள்" என்று உறுதியளித்ததை நம்பியே.

நான் எந்த இயங்குதளத்தையும் குறை கூற வரவில்லை. என் கடையில் விண்டோஸ் 7 கணினி ஒன்று, அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிவடையும் வரை ஒரு கோப்பையும் இழக்காமல் உழைத்தது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04 நிறுவிய பழைய மேசைக் கணினி இன்றும் கணக்கு வேலைகளுக்கு ஓடுகிறது. எந்தப் புதுப்பித்தலும் அதை முடக்கியதில்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லாததால் மட்டுமே எனக்கு விண்டோஸ் தேவைப்படுகிறது. விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. என் முந்தைய மடிக்கணினியின் ஏழாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11 இற்குத் தகுதியற்றது. ஆகவே கடன்பட்டு உங்களிடம் வாங்கினேன். பயொஸை மாற்றுமுன், வட்டை மறையாக்கும் பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினிக்குள் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லு மாற்றத்தைக் கண்டு சாவியை விடுவிக்காது. இதை உங்கள் மென்பொருள் செய்யவில்லை. பழுது அங்கேதான் இருக்கிறது.

அந்த வட்டில் ஓர் அந்தியேட்டிக் கல்வெட்டின், அதாவது இறந்தவரின் முப்பத்தோராம் நாள் கிரியையில் வழங்கும் நினைவு மலரின், முடிவான பக்கங்கள் இருந்தன. முப்பத்தோராம் நாளை எவராலும் தள்ளிப்போட முடியாது. அந்தக் குடும்பம் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது. வெள்ளவத்தையில் இனி என்னை நம்பி எவர் வேலை தருவார்? என் தொழிலையே நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வட்டைக் கழற்றி வெளியே எங்காவது காட்டுமாறு கிளையில் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும்: மறையாக்கப்பட்ட வட்டைச் சாவியின்றி எந்தக் கணினியில் பொருத்தினாலும் ஒன்றும் வாசிக்க முடியாது, கழற்றினால் உத்தரவாதமும் போய்விடும் என்று உங்கள் உத்தரவாத அட்டையே கூறுகிறது.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். தொலைபேசியில் பேசிய ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு மேலே போனதாகத் தெரியவில்லை. தயவுசெய்து அதைத் தேடி எடுங்கள். கிளையின் கணக்கிலிருந்து மீட்புச் சாவியை எழுத்து மூலம் தாருங்கள். அதன் பின் கணக்கை என் பெயருக்கு மாற்றி, அந்தப் புதுப்பித்தல் மென்பொருளையும் சரிசெய்யுங்கள். நுகேகொடை ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, திரையின் புகைப்படம் ஆகியவற்றின் பிரதிகளை அதற்காகத் தயாராக வைத்திருக்கிறேன். அதுவரை வட்டிலுள்ள எதையும் அழிக்க எவருக்கும் நான் அனுமதி அளிக்கவில்லை.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.