அத்தைக்கு: புலி வரவில்லை

அன்புள்ள அத்தை,

நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மூன்று முறை கேட்டேன். அப்பாயியின் நினைவுப் பூசையில் வாசிக்க உங்கள் பேரன் எழுதியதில், பர்மாக் காட்டில் புலி எதிரே வந்ததாகவும், அப்பாயி செபமாலையைத் தூக்கிக் காட்டியதும் அது திரும்பிப் போனதாகவும் இருக்கிறதாம். உண்மைதானா என்று கேட்டீர்கள்.

புலி வரவில்லை அத்தை. மாமா இருந்தபோது சொன்ன கதையாக இருக்கும். அவருக்கு எந்தக் கதையிலும் ஒரு மிருகமாவது வேண்டும். அங்கே இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை. அப்பாயிக்கு அப்போது 15 வயது. ரங்கூனுக்கு எதிரே, ஆற்றுக்கு மறுபக்கம் டல்லாவில், அவளுடைய அப்பா வேலை பார்த்த அரிசி மில்லின் வாசலில் நின்றிருக்கிறாள். அக்கரையில் ரங்கூன் மேல் ஜப்பான்காரன் விமானங்கள் வெயிலில் மின்னின. எல்லாரும் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்களாம். வந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். மறுநாள் ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் அன்று திரும்பவும் குண்டு. "பாலன் பொறந்த அன்னைக்கே போட்டான்" என்பாள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் செய்த மரியாதைக் குறைவைச் சொல்வதுபோல.

1942 பிப்ரவரியில் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். புரோம் வரை ரயில், ஐராவதியைக் கடக்கப் படகு, அப்புறம் டாங்கப் கணவாய் வழியாகக் கடற்கரை வரை நடை. நூறு மைலுக்கு மேல். தண்ணீர் கிடையாது, இருந்த இடத்தில் விலை. வழியெல்லாம் காலரா. டாங்கப்பிலிருந்து படகில் அக்யாப், அங்கிருந்து சிட்டகாங், கல்கத்தா, மெட்ராஸ். மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் ஜப்பான் கையில் விழுந்ததை ஊருக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டார்களாம்.

மைல்கல் இல்லாத மலையில் அப்பாயி தூரத்தைச் செபமாலையால் அளந்தாள். ஐம்பத்து மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம், அதாவது ஒரு மாலை, சொல்லி முடித்தால், தலைச்சுமையோடு நடக்கிறவளுக்கு ஏறக்குறைய ஒரு மைல். உங்களுக்கே தெரியும், சாகும்வரை அதுதான் அவளுக்குக் கடிகாரம். முட்டை அவிய இரண்டு பத்துச் செபமணி. மோஹிங்காவுக்கு, அந்தப் பர்மா மீன் நூடுல்ஸ் சூப்புக்கு, மீன் வேக மூன்று. கரண்ட் போனால், "ஒரு மாலை சொல்லிப் பாப்போம், வரலைன்னா விளக்கை ஏத்து." பக்கத்து வீட்டுப் பர்மாக்காரப் பிள்ளைகள்கூட "ஃப்வா ஃப்வா (பாட்டி), எத்தனை மாலை ஆகும்?" என்று கேட்கும், செபம் என்றால் என்னவென்றே தெரியாமல்.

இனி சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது. எனக்கும் 2017 வரை தெரியாது.

அந்த வருஷம் நவம்பர் 29-ஆம் தேதி ரங்கூனில் கைக்கசான் மைதானத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் பூசை வைத்தார். மலைநாடுகளிலிருந்து வந்த சனம் ராத்திரியே வந்து தரையில் படுத்திருந்தது. 91 வயதில் அப்பாயியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். பாப்பரசர் கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்தார். அவள் பார்த்தது அவரை அல்ல, பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனை. திரும்பி வரும்போது டாக்சியில் திடீரென்று சொன்னாள்: "நாப்பத்தொண்ணுல தம்பி போயிட்டான்."

எனக்குப் புரியவில்லை. அப்பாயிக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான், ஆறு வயது. காலராவில் ஒரே நாளில் சுருண்டுவிட்டான். குழி தோண்ட மண்வெட்டி இல்லை. ஒரு மரத்தடியில் வேட்டியால் மூடி, மேலே கல் வைத்துவிட்டு நடந்தார்கள். நின்றால் மற்றவர்களும் போய்விடுவார்கள் என்று அவளுடைய அப்பா இழுத்துக்கொண்டு போனாராம். இடத்துக்குப் பெயர் தெரியாது. நாற்பத்தொன்றாவது செபமாலை, அவ்வளவுதான் அடையாளம்.

நீங்கள் போனில் ஒவ்வொரு தடவையும் கேட்பீர்களே, அறுபத்தி நாலில் அம்மா ஏன் எங்களோடு கப்பல் ஏறவில்லை என்று. கைக்குழந்தையாக உங்களைத் தூக்கிக்கொண்டு 1947-இல் திரும்பி வந்தவள், உங்களை அனுப்பிவிட்டாளே என்று. அந்த மார்ச்சில் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டு, தாத்தாவின் கடைக்கும் சீல் வைத்தது. மே மாதம் பர்மாப் பணத்தில் 50, 100 சாட் நோட்டுகள் ஒரே ராத்திரியில் செல்லாமல் போயின. அரிசி டின்னுக்குள் இருந்த நோட்டுகளை வைத்து அடுப்பு மூட்டினாளாம். தாத்தா கப்பலுக்குத் தயார். ஆனால் தாத்தாவின் அம்மா படுத்த படுக்கை. "ஒருத்தனை வழியில வச்சிட்டு நடந்தாச்சு. இன்னொரு ஆளை வச்சிட்டு நடக்கமாட்டேன்" என்றாளாம். கிழவி கண்ணை மூடியதும் அடுத்த கப்பலில் வந்துவிடலாம் என்பது தாத்தாவின் கணக்கு. கிழவி எழுந்து உட்கார்ந்து, இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது! அதற்குள் தாத்தாவே இறந்துபோனார்.

அப்பாயி மாதாவிடம் ஏதோ நேர்ந்துகொண்டு இங்கேயே தங்கினாள் என்று அங்கே சொல்வார்களாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஒவ்வொரு பிப்ரவரியும் ஞாவுங்லேபின் ஊரின் மாதா கோயில் திருவிழாவுக்குப் போவாள், உண்மைதான். அங்கே என்ன வேண்டினாள் என்று கேட்டால், "கப்பல்ல போனவளுக்கு வயித்து வலி இல்லாம இருக்கணும்" என்பாள். உங்களுக்கு அப்போது வயிற்று வலி இருந்ததா அத்தை?

வெளிநாட்டுச் சாமியார்களும் சிஸ்டர்மாரும் பலர் 1966-இல் வெளியேற்றப்பட்ட பிறகு, தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மந்திரம் சொல்லிக்கொடுத்ததும், 2008-இல் நர்கீஸ் புயலில் கூரை போன ராத்திரி மேசைக்கு அடியில் எங்களை உட்காரவைத்துச் செபம் சொன்னதும் தனிக் கதை. அந்த ராத்திரி எத்தனை மாலை என்று எண்ணவில்லை. நான்தான் தூங்கிவிட்டேன்.

செபமாலையைக் கேட்டிருந்தீர்கள். அதை அவள் கையில் சுற்றித்தான் அடக்கம் செய்தோம், மன்னித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில், அரிசி அளக்கும் அவளுடைய பழைய பால் டின்னை அடுத்த மாதம் சென்னை வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் சின்ன வயசில் அளந்த அதே டின்தான். விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். அது மட்டும் நான் போட்டது.

உங்கள் தம்பி மகன்,
ரங்கூன்