செல்வத்துக்கு, லேப்டாப் விஷயமாக

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? யாழினிக்கு இசிஇ கிடைத்த செய்தியைச் சொன்னதும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "நம்ம வீட்டுத் திண்ணையில தவழ்ந்த குட்டியா இஞ்சினியராகப் போகுது?" என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ ஊருக்குச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை, மதுரை முழுக்க அவர் பார்த்துக்கொள்வார்.

போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், எழுதி அனுப்பு என்றாய். கடையில் இன்று கரண்ட் கட், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யாழினிக்கு வாங்கும் லேப்டாப் பற்றி நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆன்லைனில் 33,000 ரூபாய்க்கு ஒன்று, தஞ்சாவூர் ஷோரூமில் 58,000க்கு ஒன்று. இரண்டின் மேலும் "ரைசன் 5" என்று புராசஸர் பெயர் போட்ட ஒரே ஸ்டிக்கர். ஃபைல்களை வைக்கிற எஸ்எஸ்டியும் இரண்டிலும் 512 ஜிபி. அப்புறம் எதற்கு 25,000 கூடுதல் என்று கேட்டாய். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் விஷயம் இல்லை, அதற்கு அடுத்து வரும் நாலு இலக்க எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. விலை குறைந்ததில் 7520யூ, ஷோரூமில் இருப்பதில் 7530யூ. பார்த்தால் பத்துதான் வித்தியாசம். ஏஎம்டி கம்பெனி இந்த 7000 வரிசைக்குப் பெயர் வைத்த முறை இது: முதல் 7 என்பது 2023ஆம் வருட மாடல் என்பதற்கு. உள்ளே இருக்கும் புராசஸர் சிப்பின் வடிவமைப்பு எது என்பதை மூன்றாவது இலக்கம் சொல்லும். 2 என்றால் ஜென் 2, அது 2019இல் வந்தது. 3 என்றால் ஜென் 3, அது 2020. முதல் இலக்கத்தைப் பார்த்துப் புதுசு என்று வாங்கினால் உள்ளே இருப்பது பழசு. அதோடு கோர் என்பது சிப்புக்குள் வேலை பார்க்கிற ஆள் மாதிரி; 7520யூவில் நாலு கோர்தான், 7530யூவில் ஆறு. கம்பெனி எதையும் மறைக்கவில்லை, எல்லாம் அவர்கள் தளத்திலேயே போட்டிருக்கிறது. ஆனால் வாங்க வருகிற எந்த அப்பன் அதையெல்லாம் படித்துவிட்டு வருகிறான், சொல்லு.

அடுத்தது ரேம், அதாவது வேலை ஓடும்போது மெஷின் பயன்படுத்துகிற மெமரி. விலை குறைந்ததில் 8 ஜிபி, போர்டோடு சேர்த்தே பற்றவைத்தது. நாளைக்குப் போதவில்லை என்று யாழினி சொன்னால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு யாராலும் முடியாது. 58,000க்கு இருப்பதில் 16 ஜிபி, அதுவும் கழற்றி மாட்டுகிற ஸ்லாட்டில். இன்னொன்றும் கவனி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் போய்ச் சேருவதால் நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு வருவது குறைந்து, விலை எகிறிவிட்டது. முன்பெல்லாம் "இப்ப 8 வாங்கிக்க, அப்புறம் ஏத்திக்கலாம்" என்று தைரியமாகச் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இத்தனை வருஷம் லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். அப்புறம் மாற்ற முடிகிற சாமானில் மிச்சம் பிடி, மாற்ற முடியாததில் பிடிக்காதே. எஸ்எஸ்டியை அநேகமாக எல்லாவற்றிலும் மாற்றலாம். பேட்டரியையும் மாற்றலாம். புராசஸரை மாற்ற முடியாது, பற்றவைத்த ரேமை மாற்ற முடியாது, உடம்பை மாற்ற முடியாது. ஸ்கிரீனை மாற்றலாம், ஆனால் நான் சொல்லும் கூலியைக் கேட்டால் நீயே வேண்டாம் என்பாய். கீபோர்டு இருக்கிறதே, விலை குறைந்த மாடல்களில் அதை ஸ்குரூ போட்டு மாட்டுவதில்லை. பிளாஸ்டிக் முனைகளை உருக்கி மேல் தகட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். ஒரு எழுத்து வேலை செய்யவில்லை என்றாலும் மேல் தகட்டையே மாற்றச் சொல்வார்கள்.

உனக்கு நினைவிருக்கிறதா, 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தபோது உன் பள்ளிக்கூடத்தில் பெட்டி பெட்டியாக இறக்கிவைத்து நீ காவல் இருந்தது? அந்த ரகம் ஒன்றிரண்டு இன்னமும் என் கடைக்கு வருகிறது. போன மாதம் ஒரு தையல்கடைக்காரர் கொண்டுவந்தார், பில் போடத்தான் வைத்திருக்கிறாராம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். "புதுசு மாதிரி ஓடுது சார்" என்று போன் பண்ணினார். உடம்பும் கீலும் கெட்டியாக இருந்ததால்தான் அது முடிந்தது.

கீலைப் பற்றி உனக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். இப்போதும் என் மேசையில் ஒன்று திறந்து கிடக்கிறது. இடது மூலையில் மூடி வாயைப் பிளந்திருக்கிறது. கல்லூரிப் பையன், "கீழேயே போடலண்ணே, தானா உடஞ்சுது" என்கிறான். பொய் சொல்லவில்லை. கீல் என்னவோ இரும்புதான், அது உடையவே இல்லை. அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் போய் உட்காருவது மிளகு அளவுப் பித்தளை நட்டுகளில். அந்த நட்டுகளைப் பிளாஸ்டிக்கில் சூடு பண்ணி அழுத்திவைத்திருக்கிறார்கள். நாளாக ஆக கீல் இறுகும். மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. ஒவ்வொரு தடவையும் அந்த நட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, ஒருநாள் பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நான் அரால்டைட்டைக் குழைத்து நட்டைத் திரும்ப உட்காரவைத்து அனுப்புகிறேன். சில மாதம் தாங்கும். கொஞ்சம் கூடுதல் விலை மாடல்களில் அந்த ஸ்குரூ உலோகச் சட்டத்தில் போய் உட்காரும். இது எந்த விளம்பரத்திலும் வராது, எந்த ஆன்லைன் பட்டியலிலும் வராது. கடைக்கு நேரில் போனால் ஒரு கையால் மூடியைத் திறந்து பார். அடிப்பகுதியும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தால் கீல் ரொம்ப இறுக்கம். கீபோர்டு நடுவில் விரலால் அழுத்திப் பார். பள்ளமாக இறங்கினால் உள்ளே சட்டம் இல்லை. விற்பனைப் பையன் முறைப்பான், முறைக்கட்டும்.

ஸ்கிரீனுக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனலா என்று கேள். ஆமாம் என்பான். நீ எழுந்து நின்றும், பக்கவாட்டில் நகர்ந்தும் பார். நிறம் வெளுத்து முகம் பேயறைந்த மாதிரி தெரிந்தால் அது பழைய டிஎன் பேனல். வெளிச்சம் 250 நிட்ஸ் என்று போட்டிருந்தால் அறைக்குள் பரவாயில்லை, ஹாஸ்டல் ஜன்னல் ஓரம் பகலில் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். 300 இருந்தால் நல்லது. நாலு வருஷம் பிள்ளை ராத்திரி பகலாக அதையே பார்க்கப்போகிறாள்.

கண் என்றதும் நினைவு வருகிறது, அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அங்கேயும் லென்ஸுக்கு விலைப்பட்டியலை நீட்டினார்கள். தூரத்துக்கு மட்டும் சரியாகத் தெரிகிற சாதாரண லென்ஸ் ஒரு விலை, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்ந்த மல்டிஃபோகல் பல மடங்கு விலை. நான் பெரியதுக்குத் தலையாட்டப் போனேன். அம்மா, "படிக்கக் கண்ணாடிதான் வீட்ல இருக்கேடா, அதைப் போட்டுக்குறேன். எனக்குக் கோலம் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டார். டாக்டரும் சிரித்துக்கொண்டே அதுவே போதும் என்றார். இப்போது கடைக்கு வந்து அலமாரியில் தூசி இருக்கிறது என்று திட்டுகிறார். அதுதான் புதுத் தொந்தரவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மச்சான் மகன் கேமிங் லேப்டாப் வாங்கச் சொன்னான் என்றாயே, அவன் பேச்சைக் கேட்காதே. இஞ்சினியரிங் என்றாலே கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கடைக்காரர்கள் ஒரு பாட்டை வைத்திருக்கிறார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் கனம், செங்கல் மாதிரி சார்ஜர் தனி, பேட்டரி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே படுத்துவிடும். ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு அதைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறவள் யாழினி, அவன் இல்லை. முதல் வருஷம் சி புரோகிராமும் பைத்தானும் எழுத எந்தக் கார்டும் தேவையில்லை.

ஆப்பிள் பற்றியும் கேட்டாய். தயாரிப்பு அருமை, பேட்டரி நாள் முழுக்க நிற்கும், மேக்புக் ஏரில் 2024 அக்டோபருக்கு அப்புறம் குறைந்தபட்சமே 16 ஜிபிதான் கொடுக்கிறார்கள். வேறு படிப்பாக இருந்தால் கடன் வாங்கியாவது வாங்கு என்பேன். ஆனால் இசிஇ பிள்ளைகளுக்கு எஃப்பிஜிஏ லேபில், அதாவது நாமே சர்க்யூட் எழுதி ஏற்றுகிற சிப்புக்கான லேபில், விவாடோ என்று ஒரு சாஃப்ட்வேர் வரும். அது விண்டோஸிலும் லினக்ஸிலும்தான் ஓடும், மேக்கில் ஓடாது. அந்த விலைக்கு வாங்கிவிட்டு லேபுக்குப் பக்கத்துச் சீட்டுப் பிள்ளையின் மெஷினை எட்டிப் பார்க்க வேண்டுமா?

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. நான் அந்த வியாபாரமும் செய்கிறவன் என்பதால் சொல்லக் கொஞ்சம் கூச்சம். பெரிய கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் என்கிற ஆபீஸ் லேப்டாப் ரகங்கள். புதிதாக இருந்தபோது லட்சத்தைத் தொட்ட மெஷின்கள் இப்போது 25,000, 30,000க்குக் கிடைக்கும். கீபோர்டு, கீல், உடம்பு மூன்றிலும் உன் 33,000 ரூபாய்ப் புதுசு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் உங்கள் தாத்தா மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பாரே, அந்தக் கண் வேண்டும். இன்டெல் புராசஸர் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் தொடாதே. விண்டோஸ் 11க்கு அதற்கு முந்தியவை ஒன்றிரண்டு தவிர தகுதி இல்லை, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. அதனால்தான் 6, 7ஆம் தலைமுறை மெஷின்கள் இப்போது சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. மலிவு என்று தலையில் கட்டிவிடுவார்கள். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற அடிப்படை செட்டிங்கில், பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது ஏறுகிற கொள்ளளவும் அடுத்தடுத்த வரியில் வரும். பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரிக் காசைக் கழித்துக்கொண்டு விலை பேசு.

இப்போது என் தீர்ப்பைக் கேட்டால், அந்த 33,000 வேண்டவே வேண்டாம். இரண்டாம் வருஷமே திணறி, மூன்றாம் வருஷம் என் மேசைக்கு வரும். சீட்டுப் பணம் கையில் முழுசாக வந்துவிட்டது என்றால் 58,000த்தை எடு. அதோடு தவறி விழுந்தாலும் சரிசெய்து தரும் வாரண்டியைச் சில ஆயிரம் போட்டுச் சேர்த்துக்கொள். ஹாஸ்டல் கட்டில் மேலிருந்து விழாத லேப்டாப்பை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கே வந்து சரிசெய்யும் ஆன்சைட் வாரண்டியா என்பதையும் கேட்டுக்கொள், இல்லாவிட்டால் அறந்தாங்கியிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறிக்கொண்டிருப்பாய்.

சீட்டுப் பணம் போதாமல் மிச்சத்துக்கு ஈஎம்ஐ என்றால் அந்தப் பக்கமே போகாதே. "வட்டியில்லா ஈஎம்ஐ" என்பார்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டிவிட்டு, அந்த வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் தனியாக வாங்குவார்கள். அதற்குப் பதில் பழைய திங்க்பேட் ஒன்றை நானே பார்த்து, சுத்தம் செய்து, 16 ஜிபி போட்டுத் தருகிறேன். மிச்சப் பணத்தை வைத்திரு. மூன்றாம் வருஷத்தில் புராஜெக்ட் என்று வரும்போது அவளுக்கே என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கும், அப்போது வாங்கிக்கொள்ளட்டும். லாபம் வைக்கமாட்டேன். தங்கச்சியிடம் சொல்லி நெத்திலிக் கருவாடு அனுப்பினால் போதும்.

நம்ம பாண்டி சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே. ஆவணியில் அவன் வீட்டுப் புதுமனை புகுவிழா, நீ வராமல் இருந்தால் அவன் விடமாட்டான், நானும் விடமாட்டேன்.

ஷோரூமுக்குப் போனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் முழு மாடல் நம்பரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. ஒரே பெயரில் பத்து வகை விற்கிறார்கள், முழு நம்பரைப் பார்த்தால்தான் எந்த ஸ்கிரீன் என்று தெரியும். நான் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
முருகேசன்

பி.கு.: விண்டோஸ் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடாதே. சில மாடல்களை விண்டோஸ் இல்லாமல், டாஸ் என்கிற வெறும் பழைய சிஸ்டம் மட்டும் போட்டு மலிவாக விற்பார்கள். இலவச லினக்ஸான உபுண்டு போட்டுக்கொள்கிறேன் என்று யாழினி சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அந்த முடிவை அவள் எடுக்கட்டும், கடைக்காரன் எடுக்க வேண்டாம்.