ஐ ஆம் டென்ஷன் என்று சொல்லாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. வேலை அதிகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. நேர்முகத் தேர்வு அடுத்த மாதம்தானே? அப்படியானால் பதற்றத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நீ கேட்ட 'நெர்வஸ்' பாடத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் நான் பட்ட பாட்டைக் கேள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் 'ஐ ஆம் டென்ஷன்' என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ என்ன கயிறா?" என்று கேட்டார். டென்ஷன் பெயர்ச்சொல், இழுத்துக் கட்டிய கயிற்றின் விறைப்புக்கும் அதுதான் பெயர். ஆளுக்குச் சொல்வதென்றால் 'டென்ஸ்', இல்லாவிட்டால் 'நெர்வஸ்'. நாம் 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு 'ஐ ஹேவ் நெர்வஸ்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். 'ஐ ஆம் நெர்வஸ்', அல்லது 'ஐ ஃபீல் நெர்வஸ்', அவ்வளவுதான். காரணத்தைச் சொல்ல 'அபௌட்' போடு: 'ஐ ஆம் நெர்வஸ் அபௌட் தி இன்டர்வியூ'. பதற்றத்தை உண்டாக்குவது வேறொன்று என்றால் 'இட் மேக்ஸ் மீ நெர்வஸ்'.

பாட்டி நாள் முழுக்கப் பேசுவது தன் பூனையோடுதான். நான் படியேறினால் அது சோபாவுக்கு அடியில் போய்விடும். 'ஷீ இஸ் நெர்வஸ் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்பார். கண்டு மிரள்வதற்கு இங்கே 'ஆஃப்' போடுவார்கள். மூன்று வருடமாகிறது, அந்தப் பூனைக்கு நான் இன்னும் ஸ்ட்ரேஞ்சர்தான்.

சாமுவேல் ஜான்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் நெர்வஸுக்கு முதல் பொருள் வலிமையான, முறுக்கேறிய என்பதாம். இதுவும் பாட்டி சொன்னதுதான். தேர்வில் கை நடுங்கினால் இதை நினைத்துக்கொள்.

இரண்டு சொற்களில் கவனம் வேண்டும். 'நெர்வி' என்றால் இங்கே பதற்றக்காரர். அமெரிக்கர் காதில் அது திமிர் பிடித்தவர் என்று விழும். அப்புறம் 'ஆங்ஷஸ்'. 'ஐ ஆம் ஆங்ஷஸ் டு ஜாயின்' என்றால் சேர ஆவலாக இருக்கிறேன் என்று அர்த்தம். 'ஆங்ஷஸ் அபௌட் ஜாயினிங்' என்றால் சேரவே கவலைப்படுகிறாய். நாக்கு புரண்டால் வேலை போச்சு.

பழகிப் பார்க்க மூன்று வாக்கியம்:

ஐ வாஸ் நெர்வஸ் ஆன் மை ஃபர்ஸ்ட் டே.
ஐ ஆம் ஆல்வேஸ் நெர்வஸ் அபௌட் தி ஃபர்ஸ்ட் ஆஃப் தி மந்த்.
ஐ கெட் நெர்வஸ் வென் தி ஃபோன் ரிங்ஸ் அட் நைட்.

இரண்டாவது சும்மா உதாரணம்தான், வாடகையெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறேன். குளிரும் பழகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்து எழுதுவதால்தான் கையெழுத்து இப்படி இருக்கிறது.

மூன்றாவது வாக்கியத்தை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பெரியப்பா போன செய்தி ராத்திரியில்தானே வந்தது. அன்றிலிருந்து போன் அடித்தால் எடுப்பதற்கு முன்னால் அம்மா, அப்பா, நீ என்று ஒவ்வொருவராக மனதுக்குள் எண்ணிவிட்டுத்தான் எடுக்கிறேன். போன வாரம் யாரோ தவறான எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் தூக்கமே இல்லை. உங்கள் குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. அந்த நேரத்தில் உங்களையும் எழுப்பிப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

சரி, அப்பாவின் கண் அறுவைக்குத் தேதி குறித்தாயிற்றா? கூட இருக்கச் சித்தி வருவாரா, இல்லை நீ மட்டும்தானா? பணம் இந்த மாதம் பத்து நாள் தாமதமாகும். வங்கியில் ஏதோ சின்னச் சிக்கல், வேறொன்றுமில்லை. அதற்குள் தேவைப்பட்டால் அத்தானிடம் கேள். நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சொல். அப்பா சொட்டு மருந்தை மறந்துவிடுவார், பக்கத்தில் நின்று போடு.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த மூன்றாவது வாக்கியத்தையும் அதற்குக் கீழே உள்ளதையும் விட்டுவிடு. அறுவை முடிந்ததும் எனக்குக் கூப்பிடு. இங்கே பகலாக இருக்கும்போது கூப்பிடு.

அன்புடன்,
அண்ணன்