பெட்டியில் பூ வருகிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து 18 நாளாகிறது. "உயிரோடு இருக்கிறாயா என்றாவது ஒரு வரி எழுது" என்று முடித்திருந்தாய். அன்று ராத்திரியே பேனாவை எடுத்தேன். எடுத்ததோடு சரி. இருக்கிறேன் அம்மா, நன்றாகவே இருக்கிறேன். திட்டுவதை எல்லாம் அடுத்த கடிதத்தில் மொத்தமாகத் திட்டிக்கொள்.

அப்பா தெரு முழுக்க நான் கிரிக்கெட் மெஷின் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டதாகத் தங்கச்சி எழுதியிருந்தாள். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவர் மேல் தப்பில்லை. கம்பெனியின் பேர் கிரிக்கட். சொல்லும்போது எல்லாரும் கிரிக்கெட் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது பந்து போடாது, தாள் வெட்டும். பார்க்க பிரின்டர் மாதிரி இருக்கும். மை இருக்க வேண்டிய இடத்தில் துளியூண்டு பிளேடு. கம்ப்யூட்டரில் பூவிதழின் கோட்டைக் கொடுத்தால் அந்தக் கோட்டின் மேலேயே ஓடி வெட்டிக் கொடுத்துவிடும். தாளை வெறுமனே உள்ளே விடக் கூடாது. 12 அங்குலச் சதுரத்தில் பசை தடவிய பாய் ஒன்று உண்டு, அதில் ஒட்டித்தான் விட வேண்டும்.

வாங்கினேன் என்பதும் சரியில்லை. என்கூட வேலை பார்த்தவள் வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் பிரிவில் இந்த இரண்டு மாதத்தில் ஏழெட்டுப் பேர் போய்விட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை, நீ பாட்டுக்குக் கவலைப்பட ஆரம்பிக்காதே. வாரத்தில் வேலை நாளைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நல்லதாகப் போயிற்று, தாளில் பூச் செய்ய நேரம் கிடைக்கிறது.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தாய். காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே உறைந்திருக்கும், நகத்தால் பேர் எழுதலாம். ஹீட்டர் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் அறைக் காற்று காய்ந்துபோய், தாள் ஓரம் தூக்கிக்கொள்கிறது. தூக்கின இடத்தில் பிளேடு மாட்டினால் இதழ் கிழிந்துவிடும். அதனால் அநேகமாகப் போடுவதில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியவில்லை.

கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றிப் போனில் சொன்னேன் இல்லையா, வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு இருப்பாரே, அவர்தான். முதல் வாரம் நான் மெஷினைப் போட்டதும் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். நான் நிறுத்துவேன், அவரும் நிறுத்துவார். நாலாம் நாள் மேலேயே ஏறி வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், கையில் எலிப்பொறி! ராத்திரி முழுக்க எலி எதையோ கொறிக்கிறது என்று எனக்காக எடுத்து வந்திருக்கிறார். மெஷினைக் காட்டினேன். ஒரு தாள் முழுக்க வெட்டி முடிக்கும்வரை நின்றே பார்த்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வருகிறார், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. என்னிடம் ஒரு நாற்காலிதான் இருக்கிறது என்று முதல் நாளே கவனித்திருக்கிறார். போகும்போது அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்குவார். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதில் முக்கால் அவருக்குப் புரியாது. ஒரு பூவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். தூசி படியும், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி கல்யாணத்துக்கு நான் வர முடியாது அம்மா. லீவு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவனுக்குத் தனியாக எழுதுகிறேன், அதுவரை நீ சொல்லாதே. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பெட்டி. மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் திரைக்கு 40 அடுக்குப் பூ, 10 ரோஜா. முழுப் பூவாக அனுப்பினால் வழியிலேயே நசுங்கிவிடும். அதனால் வெட்டி, தட்டையாகவே கவர் கவராகப் போட்டிருக்கிறேன். நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

அடுக்குப் பூ சுலபம், அத்தை கூடச் செய்வாள். ஒரு பூவுக்கு ஐந்து அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் ஐந்து இதழ். பெரிது 4 அங்குலம், அப்புறம் அரை அரை அங்குலமாகக் குறைந்து கடைசியில் 2. ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு இதழையும் பென்சிலில் சுற்றி விடுங்கள். அடியில் இருப்பதை லேசாக வெளிப்பக்கம், மேலே போகப் போக உள்பக்கமாக இறுக்கி. அவசரத்தில் இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், சுருட்டாத பூ நோட்டீஸ் மாதிரி தட்டையாகக் கிடக்கும். ஒட்டும்போது நடுவில் மட்டும் ஒரு சொட்டுப் பசை போதும். கீழ் அடுக்கில் இரண்டு இதழுக்கு நடுவே இடைவெளி இருக்கும் பார், மேல் இதழ் அதை மறைக்கிற மாதிரி திருப்பி வையுங்கள். நடுவுக்கு மஞ்சள் நாடா இருக்கிறது, ஒரு ஓரம் சீப்புப் பல்லாக வெட்டியிருக்கும். இறுக்கிச் சுற்றி, ஒட்டி, பல்லை விரலால் விரித்துவிட்டால் மகரந்தம்.

ரோஜாவைத் தங்கச்சியிடம் விட்டுவிடு. அதற்கு எட்டு இதழ் வட்டம் மூன்று. ஒன்றில் 1 இதழையும், இன்னொன்றில் 2, மற்றொன்றில் 3 இதழையும் வெட்டிப் பிரித்திருக்கிறேன். மிச்சம் இருக்கும் 7, 6, 5 இதழ்த் துண்டுகளைக் கூம்பாக வளைத்து, ஓரத்து இதழ் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் வெளிச்சுற்று. பிரித்த 3, 2, 1 உள்ளே மொட்டு. ஒற்றை இதழைக் குழலாகச் சுருட்டி நட்டநடுவில். சூட்டில் பசையை உருக்கும் க்ளூ கன் வைத்து ஒட்டப்போகிறாள் என்றால் விரல் பத்திரம். என் விரலில் சுட்டது ஆறிவிட்டது. நூல் நூலாகப் பசை தொங்கும், காய்ந்ததும் சிலந்தி வலை மாதிரி வழித்து எடுத்துவிடலாம்.

தாள் 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். குறைந்து போச்சு என்று அங்கே வாங்கிச் சேர்த்தால் ஒரு துண்டைக் கிழித்துப் பார்த்து வாங்குங்கள். சிலதில் நிறம் மேலே மட்டும்தான், வெட்டினதும் ஓரம் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

இந்த மெஷினில் ஒரு வித்தை இருக்கிறது. வெட்டி முடித்ததும் தாளைப் பாயிலிருந்து உரிக்கக் கூடாது, உரித்தால் இதழ் சுருண்டுவிடும். கவிழ்த்துப் போட்டு, பாயைத்தான் வளைத்துத் தாளிலிருந்து உரிக்க வேண்டும். பூக்களை எடுத்தபின் மிச்சத் தாள் மட்டும், பூ வடிவத்தில் ஓட்டை ஓட்டையாகத் தங்கிவிடும். நீ ரவிக்கைத் துணி வெட்டும்போது மேசைக்கடியில் உட்கார்ந்து நான் பொறுக்கின துண்டுகளும் இப்படித்தான் இருக்கும். பெரிய கத்தரி மேசைப் பலகையில் உரசி உரசிப் போகும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மெஷின் சத்தம் எலி கொறிக்கிற மாதிரி இருக்கிறது என்று கிழவர் சொன்னார், எனக்கு அது உன் கத்தரிச் சத்தம். சில ராத்திரி வெட்ட ஒன்றும் இல்லாமலே சும்மா தாளை விட்டு ஓட்டுகிறேன். அந்த மேசைக்கடியில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும்போல் இருக்கிறது அம்மா.

சரி, அதை விடு. சித்தப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரா இல்லையா? போடாவிட்டால் அப்பா நேரில் போக வேண்டாம், வாய் தடிக்கும். பெரிய மாமாவை அனுப்பு, அவர் சொன்னால் கேட்பார். கிணற்றுப் பக்கச் சுவரைக் கல்யாணத்துக்கு முன்னால் தொட வேண்டாம். அப்பா கண்ணுக்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? மாசக் கணக்கில் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். பணம் இந்தத் தடவை 15-ஆம் தேதிக்கு மேல்தான் வரும், வங்கியில் ஏதோ தாமதம். தங்கச்சி ஃபீஸைக் கட்டிவிடு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் மூத்த மகள்

பி.கு.: கவர்களில் எண் போட்டது கிழவர். அவர் எழுதின 1 நம் 7 மாதிரி இருக்கும். 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்டிருப்பார், குழம்பாதீர்கள். கவரை ஒட்டும் முன் எண்ணிப் பார்த்தேன், ஐந்தாம் அடுக்கு இருக்கும் கவர் 5-இல் 40 இருக்க வேண்டியது 39 தான் இருக்கிறது. அவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு பூவுக்கு மட்டும் நாலு அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.