பயண முகவர் அலுவலக ஊழியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும்.

செயற்குழு முறைப்படி கூடியது. ஆயுத பூஜையும் கண் பரிசோதனை முகாமும் நடந்தன.

கவுண்டரில் இருப்பவர்களுக்கு இந்த ஆண்டு எப்படிப் போனது என்பது தெரிந்ததுதான்; பதிவுக்காகச் சொல்கிறேன். 2025 ஜூலை 1 முதல் தட்கலில் முதல் அரை மணி நேரம் முகவர்களுக்குக் கிடையாது. ஏசிக்கு 10.30 வரை, மற்றவற்றுக்கு 11.30 வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். விதி ரயில்வே போட்டது, வசவு நமக்கு. டிசம்பரில் விமானங்கள் கொத்தாக ரத்தானபோதும் அதே கதை. நம்மிடம் எடுத்த ரயில் டிக்கெட் ரத்தானால் பணம் முகவர் கணக்குக்கு வந்து, பயணி ஓடிபி சொன்ன பிறகே கைமாறும். அது தெரியாதவர் நாம் அமுக்கிவிட்டதாகவே நினைக்கிறார்.

அதற்காகவே சுழற்சி முறையை முன்வைத்தேன். ரத்து நாட்களில் ஒருவர் தொடர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் போன் எடுக்கக் கூடாது. அடுத்த 1 மணி நேரம் ரீஃபண்ட் பட்டியல், டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்டு ரயில்வேக்குப் போடும் மனு) வேலை. கத்துகிறவரிடம் பத்து முறை மன்னிப்புக் கேட்பதை விட, வழியைச் சொல்வது இருவருக்கும் நல்லது: ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி அவர் போகவில்லை என்றால், அவர் ஏற வேண்டிய நிலையத்திலிருந்து வண்டி கிளம்புமுன் டிடிஆர் போட வேண்டும். இரவு அழைப்புக்கு அலுவலக சிம், வாரம் ஒருவர். கார்டில் சொந்த எண்ணை அச்சடிக்க விடாதீர்கள். வேலையை விட்ட பிறகும் அழைப்பு நிற்காது.

நடைமுறையில் இது எங்கே உடைகிறது? "நீ பொறுமையா பேசுவம்மா" என்று கோபக்காரர் எல்லாரையும் ஒரே ஆளிடம் தள்ளுகிறார்கள். முதலில் வேலையை விடுவதும் அவர்தான். புதிதாக வருபவர் பழகுவதற்குள் ஒரு சீசன் போய்விடும். இருவர் மட்டுமே உள்ள அலுவலகங்களில் சுழற்சிக்கு இடமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் முதலாளியிடம் பேசக்கூட இல்லை. இதற்காகக் கூட்டிய கூட்டத்தில் நாற்காலிகளே அதிகம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, சொல்லும்படி இல்லை. சந்தாப் புத்தகத்தில் உள்ள பல பெயர்கள் தொழிலையே விட்டுப் போனவை. அவர்களைக் குறை சொல்லவில்லை. தொழிலில் இருந்துகொண்டே கட்டாதவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியாமல் இல்லை.

மண்டபம் தந்தவருக்கும் தேநீர் ஏற்பாட்டுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்புக்கு யாராவது முன்வந்தால் சாவியை இன்றே தருகிறேன். வராவிட்டால், மே மாத நெரிசலுக்கு முன் அலுவலகத்துக்கு ஒருவராவது சுழற்சி அட்டவணை எழுதித் தாருங்கள். ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தாவைச் சாப்பாட்டுக்கு முன்பே வாங்கிக்கொள்வார்.