அடைப்புக்குறி நிற்க வேண்டிய இடம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எழுதி முடித்துவிட்டாய் என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால் நெறியாளர் அதைத் திருப்பித் தந்து, ஓரத்தில் ‘சான்று காட்டும் முறை சரியில்லை’ என்று மட்டும் எழுதியிருந்ததாகப் படித்தபோது உன் சோர்வு எனக்குப் புரிந்தது. நீ அனுப்பிய பக்கங்களை இருமுறை படித்தேன். உன் துணைநூற்பட்டியலில் குறையில்லை. சிக்கல் பத்திகளுக்குள் இருக்கிறது.

ஆறேழு வாக்கியங்கள் கொண்ட பத்தியை எழுதிவிட்டு, அதன் கடைசியில் மட்டும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் வைக்கிறாய். அவற்றில் எது அவர் சொன்னது, எது நீ கண்டறிந்தது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? பதினேழாம் பக்கத்தில், இரண்டு தரவுகளை ஒப்பிட்டு நீயே எட்டிய முடிவு ஒன்று இருக்கிறது. இயலிலேயே சிறந்த வாக்கியம் அதுதான். அதுவும் அந்த அடைப்புக்குறிக்குள் அகப்பட்டு, வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. பிறர் கருத்தை நமதாக்கிக்கொள்வதைத் தவறென்று எல்லோரும் அறிவோம், நம் கருத்தைப் பிறர் பெயரில் எழுதிவிடுவதை நாம் கவனிப்பதே இல்லை.

இதற்குத் தமிழ்த் தொடரமைப்பே உதவும். ஆசிரியர் பெயரை எழுவாயாக முன்னே நிறுத்தி, பெயரை அடுத்து ஆண்டைத் தந்து, ‘என்கிறார்’ என்று முடித்தால், இடையில் உள்ளதெல்லாம் அவருடையது என்பது விளங்கிவிடும். அடுத்த வாக்கியத்தில் உன் குரல் தொடங்கலாம். முடிக்கும் வினையையும் எண்ணித் தேர்ந்துகொள். ‘கூறுகிறார்’ என்றால் நீ எப்பக்கமும் சாயவில்லை. ‘வாதிடுகிறார்’ என்றால் மறுப்புக்கு இடம் இருக்கிறது. ‘நிறுவுகிறார்’ என்றால் அவர் முடிவை நீயும் ஏற்றுக்கொண்டாய் என்று பொருள். நீ எல்லோருக்கும் ‘நிறுவுகிறார்’ என்றே எழுதியிருக்கிறாய்.

எந்தப் பாணியைப் பின்பற்றுவது என்று கேட்டிருந்தாய். உன் துறை எதைக் கேட்கிறதோ அதையே பின்பற்று. பெயரும் ஆண்டும் தரும் முறை, 1881இல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் எழுதிய கட்டுரையில் தொடங்கியதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. பாணி அம்முறையைச் சேர்ந்தது. இலக்கிய ஆய்வில் பரவலாக வழங்கும், அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்துடைய எம்.எல்.ஏ. பாணி, ஆண்டுக்குப் பதிலாகப் பக்க எண்ணைக் கேட்கிறது. மருத்துவ இதழ்கள் பலவற்றில் எண்கள் மட்டுமே நிற்கும். 2019இல் வந்த ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பின்படி, மூவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து எழுதிய நூலுக்கு முதல் முறையிலேயே முதலாமவர் பெயரோடு ‘மற்றும் பலர்’ என்று எழுதினால் போதும். அடிக்குறிப்பு முறையை மேற்கொண்டால், முந்தைய குறிப்பில் வந்த நூலையே மீண்டும் சுட்டும் ‘மேலது’ என்பதை எழுதி முடிக்கும்வரை பயன்படுத்தாதே. இடையில் புதிய குறிப்பு ஒன்று நுழைந்தால் அது வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும்.

இனிச் சொல்லப்போவது என் அனுபவம். என் முதல் கட்டுரையில், நான் கையில் எடுத்தே பார்க்காத ஒரு மூலநூலை, வேறொருவர் தந்திருந்த பக்க எண்ணோடு அப்படியே சான்றாகக் காட்டினேன். பல ஆண்டுகளுக்குப் பின் அம்மூலநூல் கிடைத்தபோது, அந்தப் பக்கத்தில் அந்த வாக்கியம் இல்லை. தேடிக் கண்டுபிடித்த இடத்திலோ, மறுப்பதற்காக அவ்வாசிரியர் எடுத்துக்காட்டிய எதிர்த்தரப்பின் கருத்தாக அது இருந்தது. அன்று அடைந்த வேதனை இன்னும் ஆறவில்லை, ஏனெனில் என் கட்டுரையை நம்பி அதே பிழையை மேலும் இருவர் எழுதியிருந்தார்கள். மூலநூல் கிடைக்காதபோது, ‘இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதி, நீ படித்த நூலை மட்டும் பட்டியலில் சேர். அதில் இழிவு எதுவும் இல்லை.

சொல் மாறாமல் எடுத்தாளும் ஒவ்வொரு இடத்திலும் பக்க எண் கொடு. நாற்பது சொற்களோ அதற்கு மேலோ இருந்தால், ஏ.பி.ஏ. பாணியில் மேற்கோள் குறியின்றித் தனிப் பத்தியாக உள்ளே தள்ளி அமைக்க வேண்டும். உன் சொற்களில் சுருக்கித் தரும்போதும் சான்று வேண்டும். அப்போது நூலை மூடி வைத்துவிட்டு எழுது. திறந்திருந்தால் அவருடைய தொடர்களே நம் கைக்கு வந்துவிடுகின்றன.

மூன்றாம் இயலை அனுப்பும்போது, நீ நேரில் படிக்காத நூல்கள் வரும் இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்பு. அடுத்த மாதம் எனக்கு விடுப்பு உண்டு. நூலகத்தில் அவற்றைத் தேடி எடுத்து, பக்கங்களைச் சரிபார்த்து எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி